பாப்பாமோட்டையில் போட்ட பாட்டு

நறுவிலிக்குளம்
2024 நவம்பர் 10

மச்சான் எமில்,

யாருடைய கையெழுத்து இது என்று மண்டையைப் போட்டு உடைக்காதே. நான்தான், பார்த்தீபன். திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய ‘பாலம் சவுண்ட்ஸ்’ஸின் பாதிச் சொந்தக்காரன். தீவில் இருந்து நீயும் பெருநிலத்தில் இருந்து நானும் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயரை வைத்தோமே, மறந்திருக்கமாட்டாய். நீ பேசாலையில் இருக்கிறாய், நான் நறுவிலிக்குளத்தில் இருக்கிறேன். மன்னாரில் ஒரு பஸ் மாறினால் ஒன்றரை மணித்தியாலம். இருந்தும் முகம் பார்த்து ஒன்பது வருஷமாகிறது. கடைசியாக உன் அம்மாவின் செத்தவீட்டில் கண்டேன். அன்றைக்கும் நீ என்னோடு இரண்டு வார்த்தை கதைக்கவில்லை. அம்மா போன துக்கம் என்று நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இடது காதும் போகப்போகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு காது டொக்டரிடம் காட்டினேன். நரம்பு வாடுகிறதாம். வலது காது போன கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். “கூடினால் ஆறு மாசம்” என்று கடதாசியில் எழுதிக் காட்டினார். மெசின் வைத்தால் ஆட்கள் கதைப்பது ஓரளவு விளங்கும், பாட்டு விளங்காது என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரி நிருஷா, “ஆக்கள் கதைக்கிறது விளங்காட்டிலும் பரவாயில்லை எண்டு நினைக்கிறியள், என்ன?” என்று கேட்டாள். அவளுக்கு என்னை உள்ளும் புறமும் தெரியும்.

உனக்கும் தெரியும். மன்னார் ரவுணில் கசற்றில் பாட்டு அடித்துக் கொடுக்கும் அந்த ரெக்கோடிங் பாரில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த காலத்தில், முதலாளி சாப்பிடப் போகும் அரை மணித்தியாலத்துக்குள் உன் கப்பல்கார மாமா கொண்டுவந்த கசற்றுகளைப் போடுவாய். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது. நீ பக்கத்தில் இருந்து, “இந்தா, இப்ப கேள், பேஸ் கிற்றார் பின்னால ஒளிச்சு ஒளிச்சு வாறான்” என்பாய். நீ சொன்ன பிறகுதான் அது எனக்குக் கேட்கும். நீ சொல்லாவிட்டால் எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.

ஆகையால் நீ எனக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு பாட்டாக எழுது. எந்த இடத்தில் யார் வருகிறார், யார் நிற்கிறார் என்று எழுது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடது காதால் கேட்பேன். காது போன பிறகு கடிதத்தை மட்டும் வாசிப்பேன். அதுவே எனக்குப் போதும்.

அதைவிட நல்லது, நீ வருவது. காது போவதற்குள் ஒருநாள் வந்து, என் இடது பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரு. பழையபடி சொல்லிச் சொல்லிக் கேட்போம்.

ரெலிபோன் எடுக்காதே. நீ கதைப்பது எனக்கு நுளம்பு இரைகிற மாதிரித்தான் கேட்கும். வட்ஸ்அப்பில் எழுதலாமாம். அதில் எனக்கு ‘ஓம்’, ‘சரி’க்கு மேல் வராது.

என் ஒரு காதைப் பாப்பாமோட்டைக் கோயில் திருவிழாவில் என் கவலையீனத்தால் நானே கெடுத்தேன். மற்றது தன்பாட்டில் போகிறது. பீச் போய்ஸ் பாடகர் பிரையன் வில்சனுக்கும் வலது காது கேளாதாம். இதுவரை அவருடைய கட்சி என்று பெருமையடித்துத் திரிந்தேன். இனி அதுவும் சொல்ல ஏலாது.

பதில் போடு.

பார்த்தி


பேசாலை
2024 நவம்பர் 25

அன்புள்ள பார்த்தி,

உன் கடிதம் பதினைந்தாம் திகதியே கிடைத்தது. மழையும் வெள்ளமும் என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான், கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்து போட்டோக்கொப்பி மெசினைத் தூக்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆனாலும் பத்து நாள் நான் உன் கடிதத்தைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் சரி. உன் காதைப் பற்றி வாசித்ததும் டினோஜாவிடம் சொன்னேன். “உடன போய்ப் பாருங்கோவன், என்ன மனிசன் நீங்கள்” என்றாள். போக வேண்டும். பார்ப்போம்.

நீ கேட்டதைச் செய்கிறேன். நீலக் கசற்றை நினைவிருக்கிறதா? அதில் ஏ பக்கம் மூன்றாவது பாட்டு, நீல் யங்குடையது. உன்னிடம் இப்போது அது போனில் இருக்கும், தேடி எடு.

தொடக்கத்தில் இரண்டு கிற்றார் வரும். இடது பக்கம் வருவது முரடு, வலது பக்கம் வருவது அடக்கம். உனக்கு இரண்டும் ஒரே காதுக்குள்தான் வந்து விழும், அதனால் பக்கத்தைப் பார்க்காதே, குணத்தைப் பார். முரடன் எப்போதும் ஒரு இமைப்பொழுது பிந்தித்தான் வருவான். அது பிழையல்ல, அவனுடைய நடையே அப்படி. பிறகு குரல் வரும். உலகத்திலேயே பாடுவதற்குத் தகுதியில்லாத குரல் என்று நீ முதல் நாள் சொன்னாய். மெல்லிசு, கொஞ்சம் மூக்கால் வரும், இப்போதோ பிறகோ உடைந்துவிடும் என்று பயமாக இருக்கும். கடைசிவரை உடையாது. அவருடைய கெட்டித்தனமே அதுதான் என்பது எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

இரண்டாம் சரணம் முடிய ட்ரம் சட்டென்று நிற்கும். நாலு எண்ணு. அந்த நாலுக்குள் ஒன்றும் இல்லை என்று நினைப்பாய், ஆனால் கிற்றாரின் கடைசித் தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும். அதை மட்டும் பிடி. பிறகு அவர் தனியே வாசிக்கத் தொடங்குவார். ஒரே சுரம். வேறு சுரத்துக்குப் போகவேமாட்டார். ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவர் மாதிரி அதையே அடித்துக்கொண்டு நிற்பார். வேறு யாராவது வாசித்தால் எழும்பிப் போயிருப்போம்.

கிடைத்ததும் எழுது. வருவதைப் பற்றிப் பிறகு அறிவிக்கிறேன்.

எமிலியானுஸ்


நறுவிலிக்குளம்
2024 டிசம்பர் 15

மச்சான்,

‘பிறகு அறிவிக்கிறேன்’ என்று அரசாங்கக் கந்தோரில் எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். நாலு நாள் நாலு தடவை கேட்டேன். முதல் தடவை உன் கடிதத்தில் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. மூன்றாம் தடவை நீ சொன்ன இடத்தில் ட்ரம் நின்றது. நான் என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். வேலியோரம் மாடு கட்டிக்கொண்டிருந்த நிருஷா, கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடி வந்தாள். அவளுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டினேன். “இந்த மனிசன் ஏன் அழுதுகொண்டு பாடுறார்?” என்று கேட்டுவிட்டு, முடியும்வரை நின்று கேட்டாள்.

நீ எழுதாத ஒன்று இருக்கிறது. அந்த நாலு எண்ணுகிற இடத்தில் யாரோ கதிரையில் அசைகிறார்கள். ஒரு சின்னக் கிறீச். இத்தனை வருஷம் நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாகப்போகிற காதுக்குக் கூர்மை கூடும் போலும். இருபது வருஷம் எனக்குச் சொல்லித் தந்தவனுக்கு நான் ஒன்று சொல்லியிருக்கிறேன். உனக்கு வெட்கமாக இருக்க வேண்டும்.

காலபோக நெல் நன்றாக இருக்கிறது. கட்டுக்கரைக் குளம் நிரம்பி வழிகிறது. வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் கச்சானும் வெங்காயமும் போட நினைத்திருக்கிறேன். அதற்கு மோட்டரால் தண்ணீர் இறைக்க வேண்டும். சிரிக்காதே, அந்த மோட்டரின் சுவிச்சை நிருஷாதான் போடுவாள், அவள்தான் நிறுத்துவாள். பாப்பாமோட்டைக்குப் பிறகு நான் எந்தச் சுவிச்சையும் தொடுவதில்லை. காய்ச்சல் என்றாலும் அவள்தான் எழும்பி வரவேண்டும்.

எமில், மிக்சரின் வொலியூமை மூடாமல் நான் ஒருநாளும் ஒலிபெருக்கி ஹோர்ன் பக்கம் போனதில்லை. எங்கள் சட்டம் அது. ஸ்பீக்கர் பெட்டியடியில் இருப்பவன் காதை வைத்து இரைச்சல் பார்க்க வேண்டும், மிக்சரில் இருப்பவன் “போடட்டோ?” என்று கேட்க வேண்டும், “போடு” என்று சொன்ன பிறகுதான் கை அசைய வேண்டும். அன்றைக்குக் கரண்ட் நின்றிருந்தது. வொலியூமை மூடிவிட்டுத்தான் போனேன் என்று என் கை இன்றைக்கும் சொல்கிறது. ஆனால் கரண்ட் வந்ததும் பிளேயர் தானாகத் தொடங்கி, ஹோர்ன் முழுச் சத்தத்தில் என் காதுக்குள் வெடித்தது. “நீ மூடேல்லை மச்சான், மறந்துபோனாய்” என்று நீதான் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். மூடியதாகச் சத்தியம் பண்ணுகிற கை அன்றைக்கு மூடவில்லை என்றால், அந்தக் கையை நான் எப்படி நம்புவது? வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

விடு. பொங்கலுக்கு வா. புதுநெல் இருக்காது, அறுவடை மாசியில்தான், ஆனாலும் பொங்குவோம். டினோஜாவையும் கூட்டிக்கொண்டு வா. அடுத்த பாட்டை எழுது.

பார்த்தி


பேசாலை
2025 ஜனவரி 19

அன்புள்ள பார்த்தி,

பொங்கலுக்கு வர முடியவில்லை. கடையில் வேலை. பள்ளிக்கூடங்கள் தொடங்குகிற காலம், ஒரே போட்டோக்கொப்பி. டினோஜா உடுத்துக்கொண்டு நின்றாள். நான் கடையைத் திறந்துகொண்டு இருந்துவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

கதிரை கிறீச்சிட்டது உண்மைதான். ஹெட்போன் போட்டுக் கேட்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது ஜோனி மிற்சல். கறுப்புக் கசற், பீ பக்கம், முதலாவது. இதைப் பற்றி நான் உனக்கு முன்னர் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே அப்போது தெரியாது. அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமாகிவிட்டது. எல்லாரும் அழுத்துகிற மாதிரி அழுத்த அவருக்கு ஏலாது. அதனால் கிற்றாரின் தந்திகளைத் தன் கைக்கு ஏற்ற மாதிரி வேறு சுருதிகளில் வைத்துக்கொண்டார். நாங்கள் ரெக்கோடிங் பாரில் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, இது என்ன கோர்ட், இது என்ன கோர்ட் என்று சுரக்கூட்டைத் தேடினோமே, அது எங்கேயும் இல்லாத கோர்ட். அவருடைய கையில் மட்டும் இருந்தது.

தொடக்கத்தில் கிற்றார் தனியே வரும். அது சந்தோஷமா துக்கமா என்று முடிவு சொல்லாது. குரல் மேலே ஏறும்போது படி வைத்து ஏறாது, ஒரேயடியாக ஏறி நிற்கும். இறங்கும்போதுதான் படிகள் தெரியும். மூன்றாவது நிமிஷத்துக்குக் கிட்ட ஒரு சொல்லைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு எடுப்பார். அந்த மூச்சைத் தவறவிடாதே. நான் இதை எழுதுவதற்காக நேற்று ஏழு தடவை கேட்டேன், ஏழு தடவையும் அந்த இடத்தில் நானும் மூச்சை நிறுத்திவிட்டேன்.

சிலரால் தங்களுக்கு வந்த கேட்டை வைத்துக்கொண்டு இப்படி ஒன்றைச் செய்ய முடிகிறது. எல்லாராலும் முடிவதில்லை. சிலர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

உன் கையைப் பற்றி நீ எழுதியதை நான் வாசித்தேன். மோட்டர் சுவிச் விஷயம் எனக்குத் தெரியாது, பார்த்தி. கடவுள் அறிய எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நேரில்தான் கதைக்க வேண்டும்.

எமில்


நறுவிலிக்குளம்
2025 பெப்ரவரி 23

எமில்,

ஜோனி மிற்சல் பாட்டைக் கேட்டேன். மூச்சு கேட்கவில்லை. அந்த உயரத்துச் சத்தங்கள் எனக்கு இப்போது வருவதில்லை. எங்கே அந்த மூச்சு இருக்கும் என்று உன் கடிதத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டேன்.

இது பாட்டுக்கான கடிதம் இல்லை. போன வாரம் வெள்ளிக்கிழமை நீ நானாட்டானுக்குக் கலியாணவீடு ஒன்றுக்கு வந்திருந்தாயாம். நிருஷாவின் தம்பி கிருஷாந்தன் உன்னைக் கண்டிருக்கிறான். வெள்ளை லோங்ஸ், நீலச் சேட். அவன் கதைக்க வர, நீ பஸ் பிடிக்கப் போய்விட்டாயாம். நானாட்டானில் இருந்து என் வீடு பத்து நிமிஷம். அன்றைக்கு மத்தியானம் நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன்.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவனுக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். நிருஷா சொன்னாள், “அந்த மனிசனுக்கு உங்களில கோபம் இருக்கும். அவர்ட தொழிலையெல்லோ நீங்கள் கெடுத்தனீங்கள்” என்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாப்பாமோட்டைக்குப் பிறகு ஒரு கோயில்காரரும் தேவாலயக்காரரும் எங்களைக் கூப்பிடவில்லை. ஆளைச் செவிடாக்கின சவுண்ட் செற் என்று ஊரெல்லாம் கதை. நீ பெட்டிகளை வந்த விலைக்கு விற்றாய். அந்தப் பெட்டிகளில் எப்படியான பாட்டுகளை ஒருநாள் போடுவோம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத்தான் தெரியும். எல்லாம் என் ஒரு நிமிஷக் கவலையீனத்தால் போனது. என் காது போன துக்கத்தில் உன் துக்கத்தை நான் ஒரு நாளாவது கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். என்னை மன்னித்துக்கொள் மச்சான். மனதார எழுதுகிறேன். இடது காது இருக்கும்போதே நீ வந்து, “சரி, விடு” என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைக் கேட்டுவிட்டுப் போகிறேன்.

பார்த்தீபன்


பேசாலை
2025 மார்ச் 16

பார்த்தி,

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்ட கடிதத்தை நான் கடையின் பின்னறைக்குள் நின்று வாசித்தேன். வாசித்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். வெளியே யாரோ போனுக்கு ரீலோட் போட வந்து தட்டிக்கொண்டே நின்றார்கள்.

நீ வொலியூமை மூடிவிட்டுத்தான் போனாய். உன் கை சொன்னது சரி.

கரண்ட் வந்ததை நான் மிக்சரில் பார்த்தேன். உன் பக்கத்தில் வெளிச்சம் ஒன்றும் இல்லை, உனக்குத் தெரியாது. நீ ஹோர்னுக்குள் தலையை வைத்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிளேயர் தானாகத் தொடங்கவில்லை. நான் பென் டிரைவைச் செருகினேன். “போடட்டோ?” என்று கேட்கவில்லை. வொலியூமை ஒரே தள்ளாகத் தள்ளினேன். உனக்குச் சொல்லாமல் போட்டு உன்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தேன். நீ தலையை வெளியே எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, பார்க்கவில்லை. பெட்டியில் அது எப்படிக் கேட்கும் என்ற அவசரத்தில் நான் உன்னைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறந்து, “என்னடா நடந்தது?” என்று கேட்டாய். பக்கத்தில் நிருஷா நின்றாள், வயிற்றில் பிள்ளை. என் வாயில் இருந்து அந்தப் பொய் வந்தது. அடுத்த நாள் மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நீ எல்லாரிடமும், “என்ட பிழைதான், எமில் பாவம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு எப்படிச் சொல்வது? சொல்லாததால் வர முடியவில்லை. வராததால் இன்னும் சொல்ல முடியாமல் போனது.

ஒவ்வொரு தவக்காலமும் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவந்தேன். வருஷாவருஷம் அதே பாவம். போன வருஷம் புதிதாக வந்த சுவாமி, “ஆண்டவர் எப்பவோ கேட்டிட்டார், கேக்க வேண்டிய ஆளிட்டப் போங்கோ” என்றார். அதற்குப் பிறகு நான் பாவசங்கீர்த்தனத்துக்கும் போகவில்லை.

நானாட்டானில் அன்றைக்கு உன் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். சந்தியில் இறங்கி, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

நீ இனி அந்தச் சுவிச்சைப் போடு. உன் கையில் ஒரு குற்றமும் இல்லை. பாஸ்குத் திருநாள் முடிந்த திங்கட்கிழமை வருகிறேன். நிருஷா செருப்பால் அடித்தாலும் வாங்குகிறேன். உன் இடது பக்கத்தில் இருந்து நேரில் சொல்ல வேண்டும்.

எமிலியானுஸ்


நறுவிலிக்குளம்
2025 ஏப்ரல் 6

எமிலியானுஸ்,

வராதே.

இடது பக்கத்தில் இருந்து சொல்ல உனக்கு இனி இடது பக்கம் இல்லை. மார்ச் ஒன்பதாம் திகதி அயல் வயலில் அறுவடை மெசின் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. நிலம் அதிர்ந்ததில்தான் தெரிந்தது. அன்றோடு சரி. உன் கடிதம் வந்தது இருபதாம் திகதி. பொங்கலுக்கு வந்து சொல்லியிருந்தால் உன் குரலில் கேட்டிருப்பேன். நானாட்டானில் இருந்து வந்திருந்தாலும் கேட்டிருப்பேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காதைக்கூட விட்டுவிடுவேன்.

காதைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை என்று எழுத இருந்தேன். பொய். இருக்கிறது. ஆனால் கையைப் பற்றிய கோபம் அதைவிடப் பெரிது. பதின்மூன்று வருஷம், எமில். என் பிள்ளைகள் குழந்தைகளாக இருந்தபோது நான் அவர்களைத் தனியே தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகமாட்டேன், கை தவறிப் போட்டுவிடுவேன் என்று பயம். சின்னவளுக்கு மருந்து ஊற்றினால் நிருஷாவைக் கூப்பிட்டு அளவைப் பார் என்பேன். நான் ஒரு கவலையீனமான மனிதன் என்று நானே நம்பி, அப்படியே வாழ்ந்து முடித்துவிட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன்.

நிருஷாதான் கடிதத்தை முதலில் பிரித்தாள். வாசித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். நான் வாசித்து முடியும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மோட்டரடிக்குப் போனாள். என் விரலை எடுத்துச் சுவிச்சில் வைத்தாள். “போடுங்கோ” என்று வாய் அசைந்தது. போட்டேன். சத்தம் ஒன்றும் இல்லை, குழாயில் தண்ணீர் வந்தது. அவள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் நினைத்தோ என்னவோ, வெங்காயப் பாத்திக்குள் இருந்துகொண்டு அழுதாள். எனக்கு அவளைத் தேற்றவும் தெரியவில்லை.

உன்னை மன்னிப்பதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை எழுதமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இத்தனை நாளும் பிளேயரில் கிடந்த ஏதோ பக்திப் பாட்டுத்தான் தானாகப் பாடியது என்று நினைத்திருந்தேன். நீயே பென் டிரைவைச் செருகிப் போட்டாய் என்றால் அது பக்திப் பாட்டாக இராது. நீ என்னைச் சந்தோஷப்படுத்தப் போட்டாய் என்றால் அது லேசுப்பட்ட பாட்டாகவும் இராது. என் வலது காது கடைசியாகக் கேட்டது அதைத்தான். எனக்கு ஒரு வெடி மட்டும்தான் நினைவிருக்கிறது.

என்ன பாட்டு அது? யார் வாசித்தது? மற்றவர்களைப் பற்றி எழுதிய மாதிரி அதையும் எழுது. ஒன்றையும் கூட்டாதே, குறைக்காதே.

பார்த்தீபன்


பேசாலை
2025 ஏப்ரல் 18

பார்த்தி,

இன்று பெரிய வெள்ளி. கடை பூட்டு, தபாலும் இல்லை. திங்கட்கிழமைதான் இதைப் போடலாம். ஆனாலும் இன்றைக்கே எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

அது யாருடைய பாட்டும் இல்லை. நான் வாசித்தது.

எத்தனை தடவை நீ என்னிடம் கேட்டாய், “எமில், நீ வாசிக்கிறதை ஒருநாள் பெரிய பெட்டியில போட்டுக் கேக்கவேணும்” என்று. எனக்கு உலகத்தில் இருந்த ஒரேயொரு இரசிகன் நீ. நான் வெட்கப்பட்டு, போடா என்று விடுவேன். அந்த வருஷ வைகாசியில் துணிந்து, என் மாமாவின் கிற்றாரில் நானே கட்டிய ஒன்றை வாசித்துப் பதிந்தேன். சொல் ஒன்றும் இல்லை, கிற்றார் மட்டும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அதைப் போட்டுக் காட்ட நான் நினைக்கவில்லை. பாப்பாமோட்டையில் பெட்டிகள் எல்லாம் அடுக்கிக் கரண்ட் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

நீ கேட்டபடி எழுதுகிறேன். முதலில் கட்டைவிரல் மேல் தந்தியில் விழும். கொஞ்சம் பலமாக விழும், அது பதற்றம். அதோடு நாலு தந்தியும் சேர்ந்து வரும். இரண்டாவது தந்தி சுருதியில் ஒரு நூல் இறங்கியிருந்தது. கடற்காற்றுக்கு எங்கள் வீட்டில் எந்தத் தந்தியும் நிற்காது, அதையும் பார்க்காமல் பதிந்துவிட்டேன். உன் காதுக்குள் போனது இவ்வளவும்தான், ஒரு செக்கன் வரும். ஒரு கோர்ட். இறங்கிய ஒரு தந்தி. அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை.

நீ கேட்காததையும் எழுதுகிறேன். அந்தக் கோர்ட்டில் இருந்து இரண்டு சுரம் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி ஏறலாமா என்று யோசிக்கும். நடுவில் ஒரு இடத்தில் நீல் யங் மாதிரி ஒரே சுரத்தைத் தட்டப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, நாலாம் தட்டிலேயே வேறு சுரத்துக்கு ஓடிவிட்டேன். கடைசிப் பகுதியில் கட்டைவிரல் தன்பாட்டில் நடக்க, மற்ற விரல்கள் மேலே ஒரு சின்ன மெட்டை வாசிக்கும். அது மட்டும் யாரையும் பார்த்துச் செய்ததில்லை, என்னுடையது. அதற்குப் பிறகு இன்றுவரை நான் கிற்றாரைத் தொடவில்லை.

கூட்டாதே, குறைக்காதே என்றாய். குறைக்காமல் எழுதுவதென்றால் இன்னும் ஒன்று இருக்கிறது. சுவாமியிடமும் சொல்லாதது.

நான் ஓடிவந்து உன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். உன் காதிலிருந்து இரத்தம் என் சேட்டில் வடிந்தது. மிக்சரில் யாரும் இல்லை. நின்ற சனத்தில் ஒருவருக்கும் நிறுத்தத் தெரியாது. அதனால் நாலு நிமிஷமும் அது ஓடியது. கோயில் வெளி முழுக்க, வயல் முழுக்கக் கேட்டது. நான் “மாதாவே, மாதாவே” என்று கத்திக்கொண்டிருந்தேன். கத்திக்கொண்டே கேட்டேன். அந்தக் கடைசி மெட்டு வந்தபோது, நீ என் மடியில் துடித்துக்கொண்டு கிடந்தபோது, “நல்லா வந்திருக்கு” என்று என் மனம் சொன்னது.

வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது, பார்த்தி.

எமில்